முழு முகம்

நெல்லிக்கொல்லையில் அந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்திருந்தது. மாசி பிறந்ததும் ஆண்கள் மரமேறி உலுக்கினார்கள். பெண்கள் பொறுக்கிக் கூடை கூடையாகக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்கள். இரண்டு நாள் வெயில் பட்டு ஓடு நொறுங்கும் பதம் வந்ததும், கட்டையால் தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். ஜவ்வாது மலையில் அப்போதெல்லாம் மாசி, பங்குனி இரண்டு மாதமும் இதே வேலைதான். காற்றே புளித்துக் கிடக்கும். விரல் நுனிகள் வெந்து, உப்பைத் தொட்டால் சுரீர் என்னும்.

சாந்தம்மாளும் அவள் மகள் ரஞ்சிதமும் வாசலில் எதிரெதிராக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதத்துக்குப் பத்தொன்பது வயது. சாந்தம்மாளுக்கு நாற்பதை ஒட்டி இருக்கும். அவளை முதல் தடவை பார்க்கிற யாரும் ஒரு கணம் திடுக்கிடத்தான் செய்வார்கள். இடது கண் இருந்த இடத்தில் வெறும் தோல் மூடியிருந்தது. காதிலிருந்து வாய்வரை நாலு தழும்புகள் உழவுச் சால் மாதிரி ஓடின. மேலுதடு மூக்கை நோக்கி இழுத்துக்கொண்டு நின்றது. ஏழு வருஷத்துக்கு முன்னால் கரடி அறைந்த முகம் அது.

உதடுகள் சேராததால் ப, ம போன்ற எழுத்துகள் அவள் வாயில் வராது. மகளை ‘ரஞ்சி’ என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு உதடு ஒட்ட வேண்டியதில்லை. அவள் பேசியதை இங்கே நேராகவே எழுதியிருக்கிறது. கேட்டவர்கள் காதில் அது அப்படி விழுந்திருக்காது. பழகியவர்களுக்கு மட்டும் புரியும்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் புருஷன் லட்சுமணன் சந்தையிலிருந்து வந்தான். பின்னாலேயே அவன் அக்கா மாதம்மாளும் வந்தாள். மாதம்மாள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவள் சொல்தான் நடக்கும்.

“வாங்க அண்ணி” என்று எழுந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள் சாந்தம்மாள்.

மாதம்மாள் அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். “ரஞ்சிதத்துக்கு எடம் வந்துகீது. அத்திமரத்தூரு. பையன் பேரு தங்கவேலு. கொல்லி நெலம் மூணு ஏக்கரா கீது, காட்டுல கூலிக்கும் போறான். அப்பன் இல்ல. அவங்கம்மா மாணிக்கம்மாளும் தாய்மாமன் கோபால்சாமியும்தான் பேசறாங்க. வர்ற வெசாயக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க.”

ரஞ்சிதம் கட்டையைப் போட்டுவிட்டு உள்ளே எழுந்துபோனாள். போகிறபோது அவள் காது மடல் சிவந்திருந்ததைச் சாந்தம்மாள் பார்த்துக்கொண்டாள். சந்தையில் எங்கேயோ பார்த்த பையன்தான் போலிருக்கிறது.

“நல்ல சேதி அண்ணி. சாமைச் சோறாக்கி, கொள்ளு கடைஞ்சி, கோழி ஒண்ணு அடிச்சிடலாம்.”

“சோறு நான் ஆக்கிக்கறேன். நீ அன்னிக்கு ஒரு நாளு மேல் கொல்லிக்குப் போய்ட்டு, அவங்க போனப்புறம் வா.”

சாந்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் காலால் புளியோட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏன், நான் வூட்டுல இருந்தா இன்னா?”

“நீ இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதுடி” என்றாள் மாதம்மாள். “பொண்ணோட அம்மா எங்கன்னு கேட்டாங்க. கரடி அடிச்சி ஏழு வருசம் ஆச்சின்னேன். நான் ஒண்ணும் பொய் சொல்லல. அவங்களா ‘ஐயோ பாவம்’னாங்க. செத்துட்டான்னு நெனைச்சிக்கினாங்க. நானும் அத்தோட வுட்டுட்டேன்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?” என்று புருஷனைக் கேட்டாள் சாந்தம்மாள்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றான் லட்சுமணன். அதுவும் உண்மைதான்.

சாந்தம்மாள் உட்கார்ந்து கட்டையை எடுத்து நாலைந்து புளியைத் தட்டினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: “நான் கொல்லிக்குப் போவ மாட்டேன் அண்ணி.”

“பெத்த பொண்ணு வாழ்க்கைய விட உம் மூஞ்சி பெருசா?”

அந்தக் கேள்வி போய்த் தைத்த இடம் மாதம்மாளுக்குத் தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆனிக் கடைசியில், நாவற்பழம் பொறுக்க ஓடைப் பக்கம் போனபோதுதான் அது நடந்தது. குட்டியோடு இருந்த கரடி. கையை உயர்த்தக்கூட நேரமில்லை. லட்சுமணனும் ஊர்க்காரர்களும் கயிற்றுக் கட்டிலை மூங்கிலில் கட்டி, அவளை அதில் போட்டு, படவேட்டுப் பக்கமாக மலையிறங்கினார்கள். அங்கிருந்து மரலாரியில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் லட்சுமணன் ஈரத்துணியால் அவள் முகத்தில் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டே வந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரி. அங்கே ஜெயம்மாள் என்று ஓர் ஆயா. காயம் கழுவும்போது மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஜெயம்மாள் சாமி படத்துக்குப் பூ வைக்கிறவள் மாதிரி மெதுவாகச் செய்வாள். கஞ்சியைப் பஞ்சில் நனைத்து வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவாள். விட்டு முடித்ததும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள். அது ஜெபம் என்று அப்போது சாந்தம்மாளுக்குத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பிய நாளில் பன்னிரண்டு வயது ரஞ்சிதம் ஓடிவந்தாள். கிட்டே வந்ததும் நின்றாள். “இது எங்கம்மா இல்ல” என்று வீறிட்டு அத்தை பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடியவள்தான் சாந்தம்மாள். நாலு வருஷம் எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். எல்லாரும் தண்ணீர் எடுத்து முடித்தபின் ஓடைக்குப் போனாள். பேச்சே நின்றுபோயிற்று. லட்சுமணன் அடிக்கவில்லை, வேறு ஒருத்தியைக் கொண்டுவரவும் இல்லை. ஆனால் அவளிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் கூரையைப் பார்த்துச் சொல்வான். வீட்டிலிருக்கிற அம்மி, உரல் மாதிரி தானும் ஒரு சாமான் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு புதன்கிழமை, ஜமுனாமரத்தூர் சந்தையில் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள்.

“சாந்தம்மா! முக்காடு போட்டா எனக்குத் தெரியாதா? மூணு மாசம் கழுவின கை இது.”

ஜெயம்மாள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தம்பியோடு மலையில் வந்து இருந்தாள். தகரக் கொட்டகை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி ஜெபம் செய்தார்கள். சாந்தம்மாள் போனாள். சாமியைத் தேடிப் போனாள் என்று சொல்ல முடியாது. தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருத்தி அங்கே இருந்தாள், அதற்காகப் போனாள். ஆறேழு மாதம் கடைசியில் உட்கார்ந்து, கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினாள்.

வெயில் காலத்தில் ஒரு ஞாயிறு. சிலுவையில் செத்த இயேசு மூன்றாம் நாள் எழுந்து வந்த கதையை ஜெயம்மாள் சொன்னாள். வந்தவர் அவர்தானா என்று ஒரு சீஷனுக்குச் சந்தேகம். அவனைக் கிட்டே கூப்பிட்டு, ஆணி அடித்த கையையும் ஈட்டி குத்திய விலாவையும் காட்டினாராம்.

பின்னாலிருந்து சாந்தம்மாளின் குரல் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“செத்தே எழுந்தவரு. அந்தக் காயத்த ஆத்திக்கத் தெரியாதா அவருக்கு?”

ஜெயம்மாள் கையிலிருந்த வேதப்புத்தகத்தை மடியில் வைத்தாள். “தெரியாமயா? எத்தினி பேருக்கு ஆத்தினவரு. தன்னோடத மட்டும் அப்படியே வெச்சிக்கினாரு. அத்தக் காட்டித்தான் ‘நான்தான்’னாரு. அந்தக் காயத்த வெச்சித்தான் அவர அடையாளம் கண்டுக்கினாங்க.”

கூட்டம் முடிகிறபோது, “நீ ஒரு ஜெபம் பண்ணு” என்றாள் ஜெயம்மாள்.

“அக்கா, உங்கள மாதிரி சாமிய அப்பான்னு கூப்புட என் வாயில வராதே.”

“கொழந்த மொத மொத கூப்புடறப்ப திருத்தமாவா கூப்புடுது? பெத்தவருக்கு வெளங்காதா?”

அவள் கூப்பிட்டாள். வந்தது வெறும் காற்று மாதிரி ஒரு சத்தம். ஆனால் அதைச் சொன்னதும் நாலு வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று இளகியது. அழுதாள்; அழுகை நின்றதும் பசித்தது. மலைப்பாதையில் மூன்று மணி நேரம் நடந்து ஊர் எல்லைக்கு வந்தபோதுதான் முந்தானை எப்போதோ தோளுக்கு நழுவியிருந்ததைக் கவனித்தாள். அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எதிரே வந்த ஆட்டுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, “சாந்தம்மாவா?” என்றார். “ஆமாங்க” என்றாள்.

தை மாதம் ஞானஸ்நானம் பெற்றாள். லட்சுமணன் தடுக்கவில்லை. “நான் நம்ம சாமிய வுட மாட்டேன். உனக்குத் தோணறத நீ கும்புடு. ஊர்ல கேட்டா நான் பேசிக்கறேன்” என்று கூரையைப் பார்த்துச் சொன்னான். ஊரும் ஒரு மாதம் பேசிவிட்டு ஓய்ந்தது.

அப்படி மீண்டு வந்து மூன்று வருஷம் ஆனவளைப் பார்த்துத்தான் மாதம்மாள், பெண்ணைவிட உன் முகம் பெரிதா என்று கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் சாந்தம்மாள் குடத்தோடு ஓடைக்குப் போனாள். கல்லில் உட்கார்ந்து, ‘ஆண்டவரே, நான் வீம்புக்கு நிற்கிறேனா?’ என்று கேட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

ரஞ்சிதம் ஏற்கெனவே புளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“யம்மா, அத்த சொன்னத உள்ளருந்து கேட்டேன்.”

“சொல்லு.”

“நீ செத்துட்டன்னு சொன்னது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. ஆனா...” கொட்டையை நிமிண்டிக்கொண்டே இருந்தாள். “பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு நீ இல்லாம இருந்தா தேவலன்னு நானும் நெனைச்சேன்மா.”

சாந்தம்மாளுக்கு வலித்தது. இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் பழைய நாட்களைப் போல் அந்த வலி அவளை மூலைக்குத் துரத்தவில்லை.

“நெனைச்சத நெனைச்சபடி சொன்னியே, அது போதும் ரஞ்சி.”

“சின்னதுல உன்னப் பாத்துக் கத்தினேன். அதனாலதான் நீ மூடிக்கின. நாலு வருசம் உன் மூஞ்சிய நானேதான் மூடி வெச்சேன்னு எனக்குத் தெரியும். அத நெனைச்சா உன் கிட்டயே வர முடியல.”

“அட, கொழந்த பயந்துச்சி. பயந்தா கத்தாதா? நான் மூடிக்கினது உன்னால இல்ல. என்னைய நானே ஆளா மதிக்கல, அதனால.” சாந்தம்மாள் தட்டுவதை நிறுத்தினாள். “கேளு. உனக்கோசரம் நான் கொல்லிக்கும் போவேன், காட்டுக்கும் போவேன். ஒளியறதுக்குப் போவ மாட்டேன். செத்தவளா இருந்து எழுந்து வந்தவ நான். இன்னொரு வாட்டி சாவச் சொல்லாத. பொய்ய வெச்சி நீ குடும்பம் பண்ணப் போனா, ஒவ்வொரு பண்டிகைக்கும் நான் சாவணும், நீ பயப்படணும்.”

“அவங்க எழுந்து போய்ட்டா?”

“போய்ட்டா நீ அழுவ. நானும் அழுவேன்.”

“எனக்குப் பயமா கீதுமா.”

“எனக்கும்தான்” என்றாள் சாந்தம்மாள்.

வியாழக்கிழமை மலையில் மூடுபனி விலகவே நேரமாயிற்று. சாந்தம்மாள் விடியற்காலையிலேயே சாமை குத்திப் புடைத்து உலையில் போட்டாள். கொள்ளு வெந்த வாசனையும் கோழிக் குழம்பு வாசனையும் தெருவுக்கு வந்தன. மாதம்மாள் வந்தாள், பார்த்தாள், அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

வெயில் ஏறியபோது அவர்கள் வந்தார்கள். தங்கவேலு ஒல்லியாக, வெட்கத்தோடு கடைசியில் நின்றான். கோபால்சாமி துண்டை உதறிப் பாயில் உட்கார்ந்தார். மாணிக்கம்மாள் தலை பாதி நரைத்தவள். நடந்து வந்த களைப்பில் தூணில் சாய்ந்துகொண்டாள். சாந்தம்மாள் சொம்பும் தண்ணீருமாக வெளியே வந்தாள்.

கோபால்சாமி கை நீட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“இது யாரு?” என்றாள் மாணிக்கம்மாள்.

லட்சுமணன் கூரையைப் பார்த்தான். மாதம்மாள் முந்திக்கொண்டு, “ஒத்தாசைக்கு வந்தவ” என்றாள்.

“இல்லீங்க” என்றாள் சாந்தம்மாள். “நான் ரஞ்சியோட அம்மா.”

அவர்களுக்கு அது புரியவில்லை. அம்மா என்கிற சொல்லே அவள் வாயில் சிதைந்து போயிற்று. மாணிக்கம்மாள் நெற்றியைச் சுருக்கினாள். இரண்டாவது தடவை சொன்னாள் சாந்தம்மாள். அப்போதும் புரியவில்லை. அவமானத்தில் அவள் கழுத்து வரை சூடேறியது; மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தாள்.

“எங்கம்மா” என்று உள்ளேயிருந்து ரஞ்சிதம் வந்து நின்றாள். தலையில் வைத்த பூ சரிந்திருந்தது. “இவங்கதான் எங்கம்மா. சாவல. கரடி அடிச்சிது, பொழச்சிக்கினாங்க.”

கோபால்சாமி எழுந்துவிட்டார். “இன்னா நாயம்யா இது? உசுரோட கீற பொம்பளய செத்துட்டான்னு சொல்லிப் பொண்ணு குடுப்பீங்களா? இதுலயே பொய்யின்னா, மத்தது எம்மாம் பொய்யோ?”

அப்போதுதான் லட்சுமணன் பேசினான். “தப்பு என்னுதுங்க. அக்கா மேல ஒண்ணும் இல்ல. நான் வாயத் தொறந்திருந்தா அன்னிக்கே தீந்திருக்கும். இவ என் பொஞ்சாதி. எங்கயும் போவல, இங்கியேதான் கீறா.” சொல்லும்போது அவன் கூரையைப் பார்க்கவில்லை.

மாணிக்கம்மாள் சாந்தம்மாள் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சாந்தம்மாள் குனியவில்லை.

“நீங்க எப்பவும் இப்படித்தான் மூடாம இருப்பீங்களா?” என்று மாணிக்கம்மாள் கேட்டாள்.

“முன்ன மூடித்தான் இருந்தேன். மூணு வருசமா இல்லீங்க.”

“ஊர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“சொன்னாங்க. ஏசு சாமி என்னிய வேணும்னு கூப்பிட்டாரு. அவருக்கு ஆவற மூஞ்சி எனக்கு ஆவாதான்னு தோணிச்சி.”

மாணிக்கம்மாளுக்கு அதில் பாதிதான் புரிந்திருக்கும். ரஞ்சிதம் எடுத்துச் சொன்னாள். அதற்குள் கோபால்சாமி வாசலில் இறங்கிவிட்டார். “போய்ட்டு சொல்லி அனுப்பறோம்” என்றார். சோற்றில் யாரும் கை வைக்கவில்லை. தங்கவேலு மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

மாதம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். “இப்ப திருப்தியாடி உனக்கு?” என்று கேட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போனாள்.

அன்று மத்தியானம் ரஞ்சிதம் அழுதாள். சாந்தம்மாளும், சொன்னபடியே, கூட உட்கார்ந்து அழுதாள். ஆக்கிய சோற்றை வீணாக்க முடியாது. பொழுது சாய்கையில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். லட்சுமணன் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து சாந்தம்மாளுக்கு எதிரே அமர்ந்தான். ஏழு வருஷத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை.

“வலிக்குதா, அது?” என்று தழும்பைக் காட்டிக் கேட்டான்.

“குளிர் காலத்துல கொஞ்சம் இழுக்கும்.”

“இத்தினி நாளு நான் கேக்கவே இல்ல.”

“இப்ப கேட்டீங்க இல்ல, சாப்புடுங்க” என்றாள்.

பத்து நாள் சேதி எதுவும் வரவில்லை. ஊரில் பெண்கள் ஓடைக்கரையில் பேசிக்கொண்டார்கள். இவள் வந்ததும் நிறுத்தினார்கள். ரஞ்சிதம் இளைத்துப்போனாள். மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சாந்தம்மாளுக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும், தான் செய்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டும் ஒருசேர ஒரு மனசில் இருக்க முடிந்தது. புளி வேலை நடந்துகொண்டிருந்தது.

பதினோராம் நாள் மாணிக்கம்மாள் வந்தாள். தனியாக வந்தாள். பாயைப் போட்டும் உட்காரவில்லை. சாந்தம்மாளின் பக்கத்தில் புளியோட்டுக் குப்பைமேலேயே உட்கார்ந்து, ஒரு புளியை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள்.

“அண்ணி, நாங்க பொய்க்குக் கோவிச்சிக்கினு போனோம். எங்க வூட்டுல அதவிடப் பெரிய பொய் கீது.”

சாந்தம்மாள் கட்டையைக் கீழே வைத்தாள்.

“தங்கவேலுக்கு அக்கா ஒருத்தி கீறா. வசந்தி. உங்களாண்ட சொல்லல. காக்காவலிப்பு அவளுக்கு. அஞ்சி வருசம் முன்ன அடுப்பாண்ட வுழுந்துட்டா. கன்னம், கழுத்து, கையி, எல்லாம் வெந்துட்ச்சி. அன்னியிலருந்து உள் ரூமுலயே வெச்சிருக்கறோம். யாரு வந்தாலும் கதவ சாத்திடுவேன். பையனுக்குப் பொண்ணு கெடைக்காதுன்னு எங்கண்ணன் சொன்னாரு, நானும் கேட்டுக்கினேன்.” அவள் கையிலிருந்த புளி நசுங்கியிருந்தது. “உங்க வூட்டுல இருந்து போனதுலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க தண்ணி கொண்டாந்து நின்னீங்களே, அதுவேதான் கண்ணுல நிக்கிது. கல்யாணத்த பங்குனி கடைசில வெச்சிக்கலாம். எங்கண்ணனையும் சரிக்கட்டிட்டேன். ஆனா அதுக்கு முன்ன நீங்க வந்து என் பொண்ணப் பாக்கணும்.”

கதவுப் பக்கத்தில் ரஞ்சிதம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“இப்பவே வர்றேன்” என்று சாந்தம்மாள் எழுந்து புளிக் கையைக் கழுவினாள். “வலிப்புக்கு மாத்திரை கீது அண்ணி. ஜெயம்மாக்காவுக்குத் தெரியும். அத்த அப்பறம் பாக்கலாம்.”

“நானும் வர்றேன்மா” என்றாள் ரஞ்சிதம்.

மூன்று பேரும் ஐந்து மைல் நடந்தார்கள். அத்திமரத்தூர் வீட்டில் உள் அறை இருட்டாக இருந்தது. மூலையில் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாந்தம்மாள் மற்ற இரண்டு பேரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மனசுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

“வசந்தி” என்றாள். பேரின் முதல் எழுத்து நழுவிப்போயிற்று.

அந்த விநோதக் குரலைக் கேட்டுக் கம்பளி அசைந்தது. ஒரு கண் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணும். கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் அவள் சாந்தம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். கையை நீட்டி, தழும்புகள் நாலையும் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

“நீங்க வெளியவெல்லாம் போவீங்களா?”

“போவேன். சந்தைக்குக்கூடப் போவேன்.”

“எல்லாரும் பாப்பாங்களே.”

“பாப்பாங்க” என்றாள் சாந்தம்மாள். “மொதல்ல ரொம்ப நேரம் பாப்பாங்க. அப்புறம் அவங்கவங்க வேலையப் பாக்கப் போய்டுவாங்க. நாமளும் நம்ம வேலையப் பாக்கலாம்.”

வசந்தி அதை யோசித்தாள். வெளியே அவள் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். யோசித்து முடித்து, கம்பளியைத் தோளிலிருந்து தள்ளிவிட்டு, காலை ஊன்றி எழுந்தாள்.